பழைய கைவேலை மாண்டலின் வாங்கலாமா? அறிகுறி வாரியாக ஒரு சோதனை

விலைக்கு வரும் பழைய மாண்டலினைக் கையில் வாங்கியவுடன் வாசித்துப் பார்க்காதீர்கள். வாசித்துவிட்டால் மனம் அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு கண்ணில் படும் குறைகளுக்கெல்லாம் நாமே சமாதானம் சொல்லத் தொடங்குவோம். முதலில் பார்க்க வேண்டும், அளக்க வேண்டும், தட்ட வேண்டும். வாசிப்பது கடைசி.

தொழிற்சாலைக் கருவிக்கு மாதிரி எண் உண்டு. அதே மாதிரியில் இன்னொன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். ஒருவர் தன் பட்டறையில் உட்கார்ந்து செய்த கருவிக்கு அந்த வசதி இல்லை. அதன் உடம்பைத்தான் படிக்க வேண்டும். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரே அறிகுறிக்கு இரண்டு மூன்று காரணங்கள் இருக்கும். ஒரு காரணமென்றால் அரை மணி நேர வேலை; இன்னொரு காரணமென்றால் கருவியின் விலையில் பாதியைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுக்க வேண்டிவரும். எனவே காரணம் தெரியும்வரை விலை பேசக் கூடாது.

இங்கே சொல்லப்போவது எட்டுத் தந்தி மாண்டலினைப் பற்றி. நான்கு ஜோடித் தந்தி, வயலினைப் போலவே ஜி, டி, ஏ, ஈ என்ற சுருதி, ஸ்ப்ரூஸ் மரத்தைக் குடைந்து செதுக்கிய மேல்பலகை, மேப்பிள் பின்பலகை, தந்திகளைத் தாங்கி, பசை இல்லாமல் அவற்றின் அழுத்தத்திலேயே நிற்கும் குதிரை (பிரிட்ஜ்). அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கலமஸூ நகரில் இருந்த கிப்சன் நிறுவனம் பரப்பிய வடிவம் இது. இன்று தனிப் பட்டறை வைத்துச் செய்கிறவர்கள் பலரும் இதையே பின்பற்றுகிறார்கள். நம்மவர்களுக்கு மாண்டலின் என்றால் யூ. ஸ்ரீநிவாஸ் கையிலிருந்த ஐந்து தந்தி மின் மாண்டலின்தான் நினைவுக்கு வரும். அது கெட்டிக் கட்டையில் செய்தது. கீழே வரும் தொல்லைகளில் பாதி அதற்குக் கிடையாது. வாங்குகிறவர் அவர் வாசித்த கர்நாடக இசைக்காக வாங்குகிறார் என்றால் அதற்கும் ஓர் இடம் பின்னால் இருக்கிறது.

பார்க்கப் போகும்போது முப்பது செ.மீ. எஃகு அளவுகோல், சின்ன டார்ச், பல் மருத்துவர் வைத்திருப்பதுபோன்ற சிறு கண்ணாடி, வெள்ளைத் தாள் ஒன்று, கைபேசியில் சுருதி காட்டும் செயலி, புதிய தந்தி ஒரு செட் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். தந்தியை மாற்றிப் பார்க்க விற்பவரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுவது நல்லது.

தந்தி உயரமாக இருக்கிறது, அழுத்தினால் விரல் வலிக்கிறது

இந்த ஓர் அறிகுறிக்கு மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒதுக்கும் நேரத்தை ஒதுக்கலாம். பழைய மாண்டலினின் விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுதான்.

முதலில் அளவு. பன்னிரண்டாம் மெட்டின் உச்சிக்கும் தந்தியின் அடிப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். (விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளைக் கடைகளில் ஃபிரெட் என்பார்கள்; வீணைக்காரர்கள் வழியில் மெட்டு என்றே சொல்கிறேன்.) ஈ தந்தியில் 1.2 முதல் 1.5 மி.மீ., ஜி தந்தியில் 1.5 முதல் 2 மி.மீ. இருந்தால் சுகமாக வாசிக்கலாம். 2.5 மி.மீ. தாண்டினால் காரணம் தேட வேண்டும்.

எளிய காரணம், குதிரையைத் தூக்கி வைத்திருப்பது. குதிரையின் மேல்கட்டைக்கும் அடிக்கட்டைக்கும் நடுவில் இரண்டு பித்தளைச் சக்கரங்கள் இருக்கும். அவற்றைத் திருகி மேல்கட்டையை இறக்கலாம். பன்னிரண்டாம் மெட்டில் அரை மி.மீ. குறைய வேண்டுமென்றால் குதிரை ஒரு மி.மீ. இறங்க வேண்டும். சக்கரத்தின் கீழ் இன்னும் இறங்க இடம் இருந்தால் கவலை இல்லை, செலவும் இல்லை.

இரண்டாவது காரணம், கழுத்து முன்பக்கமாக வளைந்திருப்பது. எட்டுத் தந்தியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. மெல்லிய கழுத்து கொஞ்சம் வளையத்தான் செய்யும். ஒரு தந்தியை முதல் மெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்து மெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடியுங்கள். அப்போது தந்தியே நேர்கோட்டு அளவுகோல் ஆகிவிடுகிறது. ஏழாம் மெட்டுக்கு மேல் உள்ள இடைவெளியில் தாளை நுழைத்துப் பாருங்கள். சாதாரணத் தாள் ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன். ஒன்று அல்லது இரண்டு தாள் நுழையும் அளவு வளைவு வேண்டியதுதான். ஆறேழு தாள் நுழைந்தால் வளைவு அதிகம்.

வளைந்த கழுத்தை நிமிர்த்த உள்ளே எஃகுக் கம்பி ஒன்று இருக்கும். டிரஸ் ராட் என்பார்கள். தலைப்பகுதியில் சிறு மூடியைக் கழற்றினால் அதன் நட்டு தெரியும். அது வேலை செய்கிறதா என்பதை விற்பவரையே கால் சுற்றுத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள், நீங்கள் தொடாதீர்கள். ஏற்கெனவே இறுக்கி முடித்து, இனி ஒரு நூலளவும் திரும்பாத நட்டு இருந்து, கழுத்து இன்னும் வளைந்தே இருந்தால் அது பெரிய செலவு. சில பட்டறைக்காரர்கள் திருப்ப முடியாத கெட்டிக் கம்பியையோ கார்பன் இழைப் பட்டையையோ பதித்துவிடுவார்கள். அது குறையல்ல, கழுத்து நேராக இருக்கும்வரை அது நல்ல வேலை. கிப்சனும் திருப்பும் கம்பியை 1920-களின் தொடக்கத்தில்தான் கொண்டுவந்தது. அதற்கு முந்திய பழைய கருவிகளில் அதைத் தேட வேண்டாம்.

மூன்றாவது காரணம்தான் பயப்பட வேண்டியது: கழுத்தின் கோணமே மாறிப்போயிருப்பது. மூட்டு விட்டுக்கொடுத்திருக்கலாம், அல்லது உடல் தந்தியின் இழுப்புக்கு மடங்கியிருக்கலாம். அளவுகோலை மெட்டுகளின் மேல் நீளவாக்கில் கிடத்தி, குதிரை வரை நீட்டுங்கள். அதன் அடிவிளிம்பு குதிரையின் உச்சிக்கு இரண்டு மூன்று மி.மீ. கீழே போய் முட்டினால் கோணம் சரி. குதிரையின் இடுப்பில் போய் முட்டினால் கழுத்து முன்னே சாய்ந்துவிட்டது.

விற்பவர் இதை மறைக்க ஒரு வழி உண்டு. நான் பார்த்த ஒரு கருவியில் தந்தி உயரம் நியாயமாகவே இருந்தது, 1.7 மி.மீ. ஆனால் குதிரையைப் பக்கவாட்டில் பார்த்தபோது இரண்டு சக்கரங்களும் அடிக்கட்டையோடு ஒட்டி உட்கார்ந்திருந்தன. மேல்கட்டையின் அடிப்பக்கம் சீவப்பட்டு, கருங்காலி மெருகு போய்ச் சாம்பல் நிற மரம் தெரிந்தது. அடிக்கட்டையின் பாதங்களும் பிஸ்கட் போல மெலிந்திருந்தன. ஒவ்வொரு முறை உயரம் ஏறியபோதும் யாரோ கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி இறக்கியிருக்கிறார்கள். சீவ இனி மரம் இல்லாத நிலையில்தான் அது விற்பனைக்கு வந்திருந்தது. அந்தக் கருவிக்குத் தேவை கழுத்தைக் கழற்றிக் கோணம் திருத்தி மீண்டும் ஒட்டும் வேலை. புறாவின் வால்போல அறுத்துக் கோத்த மூட்டில் விலங்குப் பசை போட்டிருந்தால் நீராவி காட்டிக் கழற்றலாம். எபாக்ஸி என்ற செயற்கைப் பசை போட்டு ஒட்டியிருந்தால் பழுதுபார்ப்பவர்கள் கைகூப்பிவிடுவார்கள். செய்தவர் உயிரோடு இருந்தால் என்ன பசை என்று கேட்டுவிடுங்கள். இந்த ஒரு கேள்விக்காகவே அவரைத் தேடிப் பிடிக்கலாம்.

நான்காவதாக ஒன்று, நம் ஊருக்கு உரியது. வறண்ட நாட்டில் செய்த கருவி சென்னைக்கு வந்தால் மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும். மேல்பலகை உயரும், குதிரையும் அதோடு உயரும், தந்தியும் உயரும். செய்பவர்கள் பெரும்பாலும் 45 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதத்தில் வேலை செய்கிறார்கள். கடலோரத்தில் அது சாதாரணமாக 70 சதவீதத்தைத் தாண்டும். கருவி வந்து சில வாரங்களில் உயரம் மாறியது என்று விற்பவர் சொன்னால் அதில் உண்மை இருக்கலாம். கோணச் சோதனையில் கருவி தேறினால் நம்புங்கள்.

கழுத்து திருகிக்கொண்டிருக்கிறதா என்பதையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். தலைப்பக்கம் கண்ணை வைத்து உடலை நோக்கிப் பார்த்தால் விரல்பலகையின் இரண்டு ஓரங்களும் ஒன்றுக்கொன்று இணையாகப் போக வேண்டும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் வாங்க வேண்டாம். பேரம் பேசவும் வேண்டாம்.

ஏதோ ஓரிடத்தில் அழுத்தினால் மட்டும் கரகரக்கிறது

ஒரே மெட்டில், அல்லது அடுத்தடுத்த இரண்டு மூன்று மெட்டில் மட்டும் கரகரப்பு வந்தால் அவற்றில் ஒன்று தூக்கியிருக்கிறது, அல்லது ஒன்று தேய்ந்திருக்கிறது. அளவுகோலின் சிறு விளிம்பை மூன்று மெட்டுகளின் மேல் வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் நடு மெட்டு உயர்ந்திருக்கிறது. சில சமயம் அது தன் குழியிலிருந்து எழும்பியிருக்கும். தட்டி உட்கார வைத்தால் போதும்.

தேய்மானம் முதல் ஐந்து மெட்டுகளில்தான் அதிகம் தெரியும். தந்தி பதிந்த பள்ளத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் லேசாகத் தட்டினால் சீவிச் சமன் செய்யலாம். நகம் உள்ளே விழுந்தால் மெட்டுகளை மாற்ற வேண்டும். மாண்டலின் மெட்டு மெல்லியது, விரல்பலகை குறுகியது, இடம் நெருக்கமானது. கிட்டாருக்கு மெட்டு மாற்றுகிற எல்லோரும் இதைச் சுத்தமாகச் செய்துவிட மாட்டார்கள். செலவை விலையிலிருந்து கழியுங்கள். ஆனால் இந்தக் காரணத்துக்காக நல்ல கருவியை விட்டுவிடாதீர்கள். நிறைய வாசிக்கப்பட்ட கருவியில் மெட்டு தேய்வது இயல்பு. இருபது ஆண்டு ஆகியும் மெட்டு புத்தம் புதிதாக இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்: அதை ஏன் யாரும் வாசிக்கவில்லை?

அழுத்தாத வெறும் தந்தி மட்டும் கரகரத்தால் நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டது. விரல்பலகையின் தலைமாட்டில் இருக்கும் எலும்புத் துண்டுதான் இந்த நட். புதிதாகப் போடுவது சிறு வேலை.

எங்கிருந்து வருகிறதென்று தெரியாத அதிர்வு

ஒரு குறிப்பிட்ட சுரத்தை வாசித்தால் மட்டும் எங்கோ ஏதோ கிணுகிணுக்கும். முதலில் வெளியே தேடுங்கள். தந்தி மாட்டும் டெயில்பீஸின் மூடி, டிரஸ் ராட் மூடி, விரல் காப்புத் தகடு, முறுக்காணியின் திருகு. ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அதே சுரத்தை வாசிக்கச் சொல்லுங்கள். பிடித்ததும் நின்றால் கண்டுபிடித்துவிட்டீர்கள். குதிரைக்கும் டெயில்பீஸுக்கும் நடுவில் உள்ள தந்தித் துண்டும் தானாக ஒலிக்கும். ஒரு தோல் பட்டையைக் கோத்துவிட்டால் அடங்கும்.

இவை எதுவும் இல்லையென்றால் தந்தியை உள்ளங்கையால் அடக்கிவிட்டு, விரல் முட்டியால் மேல்பலகையையும் பின்பலகையையும் இடம் இடமாக லேசாகத் தட்டுங்கள். நல்ல இடத்தில் "டொம்" என்று கேட்கும். பசை விட்ட இடத்தில் ஒடிந்த தகடுபோல ஓசை வரும். ஓரத்து ஒட்டு விட்டிருந்தால் பசை வைத்து இறுக்கிக் கட்டினால் சரியாகிவிடும். மேல்பலகைக்கு அடியில் நீளவாக்கில் ஒட்டிய தாங்குகட்டை விட்டிருந்தால் அடுத்ததையும் படியுங்கள்.

குதிரை நிற்கும் இடத்தில் மேல்பலகை அமுங்கியிருக்கிறது

தந்தி குதிரையின் மேல் வளைந்து இறங்குவதால் மேல்பலகையை ஏறத்தாழ 20 கிலோ எடை கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கிறது. நாள் முழுவதும், வாசிக்காதபோதும். குடைந்த வளைவும் அடியில் இருக்கும் இரண்டு தாங்குகட்டைகளுமே அதைத் தாங்குகின்றன. பலகையை அளவுக்கு மீறி மெலிதாகச் செதுக்கியிருந்தால் முதல் சில ஆண்டுகள் அபாரமாக ஒலிக்கும், பிறகு அமுங்கும். புதிதாகத் தொழில் பழகுகிறவர்கள் செய்த கருவிகளில் இதை எதிர்பார்க்க வேண்டும்.

வால்பக்கம் கண்ணை வைத்து, வெளிச்சம் எதிரே இருக்கும்படி பிடித்து, வளைவின் கோட்டைப் பாருங்கள். இரு பக்கமும் ஒன்றுபோல உயர்ந்து இறங்க வேண்டும். குதிரையின் ஒரு பாதத்தின் கீழ் மட்டும் தட்டையாகவோ குழியாகவோ இருந்தால் அந்தப் பக்கத்துத் தாங்குகட்டையைச் சந்தேகியுங்கள். ஒலித்துளை வழியே சிறு கண்ணாடியை நுழைத்து, டார்ச்சையும் அடித்து, கட்டைக்கும் பலகைக்கும் நடுவில் கறுப்புக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். கட்டை மட்டும் விட்டிருந்தால் ஒலித்துளை வழியாகவே சரிசெய்யக்கூடியவர்கள் இருக்கிறார்கள். பலகையே மெலிந்து அமுங்கியிருந்தால் அதற்கு மருந்து இல்லை. சீராக, இரு பக்கமும் சமமாக ஒரு நூலளவு தணிந்திருப்பது வயதான கருவிகளில் சாதாரணம்.

இத்தாலிய வகை, குடம் போன்ற முதுகுள்ள பழைய மாண்டலின் கிடைத்தால் இந்தச் சோதனை இன்னும் முக்கியம். அவற்றின் மேல்பலகை செதுக்கியதல்ல. மெல்லிய பலகையைக் குதிரைக்குப் பின்னால் மடித்து ஒட்டியது. அதில் யாராவது இன்றைய தடித்த தந்திகளை மாட்டி வைத்திருந்தால், பலகை ஏற்கெனவே நொந்துபோயிருக்கும்.

பலகையில் கோடு தெரிகிறது

கோடு மரத்தில் இருக்கிறதா, மெருகில் இருக்கிறதா? பழைய லாக்கர் மெருகு குளிருக்கும் சூட்டுக்கும் வலைபோல வெடிக்கும்; அது அழகுக்குத்தான் குறை. மரவெடிப்பு மரத்தின் ரேகையோடு நேராக ஓடும். சந்தேகம் தீர எளிய வழி: அறையை இருட்டாக்கி, தந்தியைத் தளர்த்தி, ஒலித்துளை வழியாகச் சின்ன எல்.இ.டி. விளக்கு ஒன்றை உள்ளே விடுங்கள். வெடிப்பு இருந்தால் அந்தக் கோடு வழியே ஒளி கசியும். ஓரங்களில் ஒட்டு விட்ட இடமும் இதே சோதனையில் அகப்படும்.

ஒட்டி முடித்த வெடிப்பைக் கண்டு ஓட வேண்டாம். உள்ளே கண்ணாடி விட்டுப் பார்த்தால் வெடிப்பின் குறுக்கே சிறு சதுர மரத்துண்டுகள் ஒட்டியிருப்பது தெரியும். தெரிந்தவர் கை பட்டிருக்கிறது என்று பொருள். புளூகிராஸ் என்ற அமெரிக்க இசைவகையின் தந்தை எனப்படும் பில் மன்றோவின் 1923-ஆம் ஆண்டு கிப்சன் எஃப்-5 மாண்டலினை 1985-இல் யாரோ அவர் வீட்டில் புகுந்து இரும்புக் கம்பியால் அடித்து நொறுக்கினார்கள். கிப்சன் பட்டறையில் அந்தச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொருத்தி ஒட்டிக் கொடுத்தார்கள். அவர் தொடர்ந்து அதையே வாசித்தார். தலைப்பகுதி நட்டுக்குப் பின்னால் ஒடிந்து ஒட்டப்பட்டிருந்தாலும் அப்படித்தான்: ஒட்டு நன்றாக இருந்தால் கருவி உழைக்கும், விலை மட்டும் நன்றாகக் குறைய வேண்டும். விற்பவர் அதை முன்கூட்டியே சொல்லாமல், நீங்கள் கண்டுபிடித்த பிறகு "ஓ, அதுவா" என்றால், வேறு எதையெல்லாம் சொல்லவில்லை என்று யோசியுங்கள்.

ஒட்டாத வெடிப்பு, அதுவும் குதிரையின் பாதத்தின் கீழ் ஓடுவது, இன்னும் நீளும்.

சுருதி சேரவில்லை

வெறும் தந்தி சேர்ந்திருக்கிறது. மெட்டில் அழுத்தினால் பிசகுகிறது. புதிய தந்தி மாட்டிய பிறகே இதைச் சோதிக்க வேண்டும். துருப்பிடித்த தந்தியில் ஒரு ஜோடியின் இரண்டு தந்திகளே ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. கருவியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

பன்னிரண்டாம் மெட்டின் மேல் விரலை மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலியும், அதே மெட்டில் அழுத்தி எழுப்பும் ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது உயர்ந்தால் குதிரையை வால்பக்கம் நகர்த்த வேண்டும். தாழ்ந்தால் கழுத்துப் பக்கம். குதிரை ஒட்டாமல் நிற்பதால் இது இலவசமான திருத்தம். இணையத்தில் விற்பனைக்கு வரும் மாண்டலின்களில் குதிரை தப்பான இடத்தில் நிற்பது சர்வ சாதாரணம், சில சமயம் முன்பின் திருப்பி வைத்தும் இருக்கும். இதை விற்பவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு விலை பேச வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

முதல் இரண்டு மூன்று மெட்டுகளில் மட்டும் சுருதி ஏறினால் நட்டின் பள்ளம் ஆழம் போதவில்லை. மூன்றாம் மெட்டுக்குச் சற்று முன்னால் அழுத்திப் பிடித்து, முதல் மெட்டுக்கு மேல் இடைவெளி பாருங்கள். தலைமயிர் அளவுதான் இருக்க வேண்டும். தாராளமாக இருந்தால் அரத்தால் ஆழப்படுத்திச் சரிசெய்யலாம்.

இரண்டையும் சரிசெய்த பிறகும் ஐந்தாம் மெட்டு சரி, ஏழாவது தப்பு, ஒன்பதாவது சரி என்று அங்கங்கே தடுமாறினால், மெட்டுக் குழிகளையே தவறான இடத்தில் அறுத்துவிட்டார்கள் என்று சந்தேகிக்க வேண்டும். தொழிற்சாலைக் கருவியில் இது மிக அரிது. கைவேலைக் கருவியில் நேரும். கணக்கு எளிது: நட்டிலிருந்து பன்னிரண்டாம் மெட்டு வரையிலான தூரத்தை இரட்டிப்பாக்கினால் தந்தியின் கணக்கு நீளம். கிப்சன் வடிவங்களில் அது ஏறத்தாழ 353 மி.மீ. அதை 17.817 ஆல் வகுத்தால் முதல் மெட்டின் இடம், 19.8 மி.மீ. ஐந்தாவது 88.5, ஏழாவது 117.4, பன்னிரண்டாவது 176.5. நட்டின் விரல்பலகைப் பக்க விளிம்பிலிருந்து அளவுகோலை வைத்துப் பாருங்கள். அரை மி.மீ. பிசகு கூடக் காதுக்குத் தெரியும். விரல்பலகையை மாற்றுவதுதான் தீர்வு. அந்தச் செலவுக்கு வேறு கருவி பார்த்துவிடலாம்.

சுருதி நிற்கவில்லை

முறுக்காணியைத் திருகும்போது "டிக்" என்று சத்தம் வந்து சுருதி குதித்தால் தந்தி நட்டின் பள்ளத்தில் சிக்கிக்கொள்கிறது. பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்தால் பெரும்பாலும் தீரும். முறுக்காணியே தளர்ந்து ஆடினால் நான்கு நான்காகத் தகட்டில் வரும் புதிய செட் போட வேண்டும். ஆனால் பழைய கருவிகளில் தண்டுகளின் இடைவெளி இன்றைய அளவோடு ஒத்துப்போகாமல் போகலாம். வாங்குவதற்கு முன் அந்த இடைவெளியை அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கையை நகர்த்தினால் விரல்பலகை ஓரம் கீறுகிறது

மரம் வறண்டு சுருங்கியதால் மெட்டு முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. குளிர்சாதன அறையில் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்த கருவிகளில் பார்க்கலாம். அரத்தால் தேய்த்தால் போகும். ஆனால் விரல்பலகை சுருங்கிய அளவுக்கு மேல்பலகையும் சுருங்கியிருக்கும். வெடிப்புச் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.

சத்தம் மந்தமாக, அடைத்த மூக்குபோல வருகிறது

பழைய தந்தியை விலக்கியாகிவிட்டது என்றால் அடுத்து குதிரையின் பாதம். தாளின் ஓரத்தைப் பாதத்தின் அடியில் சுற்றிலும் நுழைத்துப் பாருங்கள். எங்கும் நுழையக் கூடாது. நுழைந்தால் பாதம் பலகையின் வளைவோடு பொருந்தவில்லை, ஒலி பாதியில் தொலைகிறது. வேறொரு கருவியின் குதிரையை மாட்டியிருப்பார்கள். பலகை மேல் உப்புத்தாளை விரித்து வளைவுக்கேற்பத் தேய்த்துப் பொருத்தினால் கருவி வேறு குரலில் பேசும். இப்படிப்பட்ட கருவி மலிவாகக் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

பாதம் சரியாக இருந்தும் மந்தமென்றால் பலகையைத் தடிமனாகவே விட்டுவிட்டார்கள். "வாசிக்க வாசிக்கத் திறந்துகொள்ளும்" என்று விற்பவர் சொல்வார். புதிய கருவி வாசிப்பில் கொஞ்சம் தெளியும் என்று வாசிப்பவர்கள் பலர் நம்புகிறார்கள். இருக்கட்டும், பத்து ஆண்டாகத் திறக்காதது உங்கள் கையில் திறக்கும் என்று காசு கொடுக்காதீர்கள்.

பொடி உதிர்கிறது, துளை தெரிகிறது, ஏதோ வாசனை வருகிறது

ஊசித் துளைகளும், கருவியைக் கவிழ்த்துத் தட்டினால் மாவுபோல விழும் பொடியும் மரத்தை உளுத்துப்போகச் செய்யும் வண்டின் வேலை. பொடி இளநிறமாகப் புதிதாக இருந்தால் வண்டு உள்ளே உயிரோடு இருக்கிறது. அந்தக் கருவியை வீட்டிலிருக்கும் வீணைக்கும் வயலினுக்கும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

நூறு வயதை நெருங்கும் கருவிகளில் செல்லுலாய்டு ஓரப்பட்டையும் விரல் காப்புத் தகடும் இருக்கும். அது சிதையத் தொடங்கினால் வெடித்து நொறுங்கும், காரமான நெடி வீசும், அருகிலிருக்கும் முறுக்காணியும் தந்தியும் பச்சை பிடித்து அரிக்கும். தகடு மட்டுமென்றால் கழற்றி எறியலாம். ஓரப்பட்டை முழுவதையும் மாற்றுவது பெரிய வேலை. மிகப் பழைய இத்தாலியக் கருவிகளில் உண்மையான அழுங்காமை ஓட்டுத் தகடு பதித்திருப்பார்கள். அழுங்காமை நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதன் பன்னாட்டு வணிகத்துக்கும் தடை உண்டு. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது அந்தத் தகடு ஒன்றே கருவியைச் சுங்கத்தில் மாட்டிவிடப் போதும்.

கமகம் பிடிக்கவில்லை

இது கருவியின் குறையல்ல, தேர்வின் குறை. ஜோடித் தந்தியை ஓரமாக இழுத்தால் இரண்டும் ஒரே அளவில் ஏறாது, சுரம் பிளவுபடும். ஸ்ரீநிவாஸ் ஜோடிகளை விட்டு ஒற்றைத் தந்திக்குப் போனதும், கெட்டிக் கட்டையும் மின் ஒலியும் கொண்ட கருவியை வைத்துக்கொண்டதும் இந்த இசைக்குப் பொருந்தின. செதுக்கிய பலகை மாண்டலினில் நான்கு தந்தியைக் கழற்றிவிட்டு வாசிக்கலாம். பலகைக்குச் சுமை குறைவதால் தீங்கில்லை, ஆனால் ஒலியும் மெலியும். எட்டுத் தந்தியின் முழக்கத்துக்காகச் செய்து, அதற்காகவே விலை வைத்த கருவியை வாங்கி அதைப் பாதியாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. கர்நாடக இசைதான் நோக்கமென்றால் அந்தப் பணத்தில் நல்ல மின் மாண்டலின் ஒன்றையே செய்யச் சொல்லிவிடலாம்.

உள்ளே பெயர் இல்லை, அல்லது மிகப் பெரிய பெயர் இருக்கிறது

ஒலித்துளை வழியே பார்த்தால் செய்தவரின் சீட்டு, கையெழுத்து, எண், ஆண்டு தெரிய வேண்டும். இருந்தால் அவருக்கு எழுதிக் கேளுங்கள். தனியாகச் செய்கிறவர்களில் பலர் ஒவ்வொரு கருவிக்கும் குறிப்பு வைத்திருப்பார்கள்: எந்த மரம், எந்தப் பசை, யாருக்கு விற்றது, எப்போது பழுதுபார்த்தது. திருட்டுப் பொருளா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். பெயரே இல்லாத கருவி நன்றாக இருக்கலாம். ஆனால் நீங்கள் திரும்ப விற்கும்போது அதற்கு வாங்குகிறவர் கிடைப்பது கடினம். எனவே உங்களுக்கு அது எவ்வளவு பயன்படும் என்பதை மட்டும் வைத்து விலை சொல்லுங்கள்.

1922 முதல் 1924 வரை கிப்சனில் பணியாற்றிய லாய்டு லோர் கையெழுத்திட்ட எஃப்-5 என்று யாராவது நீட்டினால், சீட்டை நம்பாதீர்கள். சீட்டு வெறும் காகிதம். அந்தக் கருவிகளின் விலை வீட்டு விலை. அதற்கென்று இருக்கும் வல்லுநர் கையில் வைத்துப் பார்த்துச் சொல்லாமல் பேச்சே எடுக்க வேண்டாம்.

நேரில் பார்க்க முடியவில்லை

நான்கு படம் கேளுங்கள். தலைப்பக்கத்திலிருந்து கழுத்து வழியே உடலை நோக்கி ஒன்று. குதிரையின் சக்கரங்கள் தெளிவாகத் தெரியும்படி பக்கவாட்டில் ஒன்று. பன்னிரண்டாம் மெட்டில் அளவுகோல் வைத்து ஒன்று. வால்பக்கத்திலிருந்து மேல்பலகையின் வளைவு தெரியும்படி ஒன்று. மேகம்போல மங்கலாக எடுத்த முன்பக்கப் படங்கள் இருபது அனுப்பினாலும் இந்த நான்குக்கு ஈடாகாது. இவற்றை எடுக்கத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். திருப்பி அனுப்பும் உரிமை 48 மணி நேரமாவது வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அனுப்பும்போது தந்தியை இரண்டு சுரம் தணிக்கச் சொல்லுங்கள், முழுவதும் தளர்த்த வேண்டாம். தளர்ந்தால் குதிரை விழுந்து பெட்டிக்குள் உருண்டு மேல்பலகையைக் கீறும். குதிரை நின்ற இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மெருகின் மேல் ஒட்டும் நாடா ஒட்டக் கூடாது. தலைப்பகுதிக்கு அடியில் துணி திணிக்க வேண்டும். கூரியரில் பெட்டி கீழே விழுந்தால் முதலில் ஒடிவது அந்த இடம். வந்ததும் பெட்டியை உடனே திறக்காமல் ஒரு நாள் அறையில் வைத்திருந்து, பிறகு திறந்து, சுருதி கூட்டுவதற்கு முன் இருட்டறை விளக்குச் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். வழியில் விழுந்த வெடிப்பு என்றால் அதைப் பார்சலோடு சேர்த்துப் படம் எடுத்தால்தான் இழப்பீடு கேட்க முடியும்.